ஸ்வீடிஷ் மசாஜ்ல ஸ்வீடன் எங்க இருக்கு?

போன செமஸ்டர் இன்டர் டிபார்ட்மெண்ட் வாலிபால் மேட்ச். பிளாக் பண்ண எகிறிக் குதிச்சு இறங்குறப்ப, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் ஷூ மேல என் கால். கணுக்கால் அப்படியே உள்பக்கமா மடங்கிடுச்சு. ஹாஸ்டல் ரூமுக்குத் தூக்கிட்டு வந்து போட்டதும் ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தன் ஸ்ப்ரே அடிச்சான். இன்னொருத்தன் ஐஸ் வாட்டர் பாட்டிலை வச்சு அழுத்தினான். சுளுக்கு எடுக்கிறதுல தான் கில்லாடின்னு ஒரு சீனியர் அண்ணா வந்து, நல்லெண்ணெய் ஊத்தி, அன்னிக்கு ராத்திரியே ஒரு திருகு திருகினார். விடிஞ்சு பாத்தா கால் பரங்கிக்காய் மாதிரி இருந்துச்சு.

மூணு நாள் கழிச்சுத்தான் ஒரு பிசியோதெரப்பிஸ்ட்கிட்ட போனேன். நல்லா உருவி விடுவார்னு நெனச்சுப் போனா, அவர் விரல் நுனியில இருந்து முழங்கால் பக்கமா மெதுவா பத்து நிமிஷம் தடவிக் கொடுத்தார், அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க என்னைத்தான் வேலை வாங்கினார். பாதத்தை அந்தரத்துல தூக்கி வச்சு, கட்டை விரலால ஏ, பி, சி, டி எழுதச் சொன்னார். சுவத்துல ஒரு சார்ட் தொங்கிச்சு. ஸ்வீடிஷ் மசாஜ், அதுல அஞ்சு முறைகள்னு படம் போட்டிருந்தது. அதென்ன சார் ஸ்வீடிஷ்னு கேட்டேன். லிங்னு ஒருத்தர் இருந்தார், தேடிப் படிச்சுப் பார் தம்பின்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டார்.

கால் நீட்டிப் படுத்திருந்த ரெண்டு வாரம் தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை மக்களே. படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. அந்த சார்ட்டுல இருந்த அஞ்சு முறையும் அந்த மனுஷன் கண்டுபிடிச்சதே இல்ல. அவர் செஞ்சது வேற வேலை. என் காலை நடக்க வச்சதும் அந்த வேற வேலைதான்.

பெர் ஹென்ரிக் லிங். 1776 நவம்பர் 15ஆம் தேதி, தெற்கு ஸ்வீடனில் ஸ்மோலாந்து பகுதியில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா தேவாலயப் பாதிரியார். லிங் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பையனும் பாதிரியார் ஆவான் என்பதுதான் வீட்டு எதிர்பார்ப்பு. அந்தக் காலத்து ஸ்வீடனில் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பான வேலை, நம்ம வீடுகளில் இன்ஜினியரிங் மாதிரி. லிங்கும் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அப்புறம் உப்சாலா போய், 1797இல் இறையியல் தேர்வும் எழுதி முடித்தார். ஆனால் பாதிரியார் ஆகவில்லை. படிச்ச கோர்ஸ் ஒண்ணு, பாக்கிற வேலை வேற ஒண்ணுங்கிற கதை நம்ம தலைமுறையில ஆரம்பிச்சது இல்ல போலிருக்கு.

அடுத்த சில வருஷங்கள் ஊர் ஊராகத் திரிந்தார். கையில் காசு கிடையாது. ஒருவழியாக டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் வந்து நின்றார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரில் வாள்வீச்சு சொல்லிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். லிங் அவர்களிடம் வாள் பிடிக்கப் பழகினார். அதே ஊரில் ஃபிரான்ஸ் நாக்டெகால் என்பவர் 1799இல் ஒரு தனியார் உடற்பயிற்சிக் கூடம் திறந்திருந்தார். இன்றைய ஜிம்முக்கெல்லாம் முப்பாட்டன் என்று அதைச் சொல்லலாம். லிங் அங்கேயும் போனார்.

லிங்குக்குக் கையில் தீராத வாத வலி. வாள் பயிற்சி தினமும் செய்யச் செய்ய வலி குறைந்து, கை பழையபடி மடங்கி நீள ஆரம்பித்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நாமாக இருந்தால் சரியாகிடுச்சு, விடு என்று போயிருப்போம். லிங் ஏன் சரியானது என்று கேட்டார். வாள்வீச்சில் எந்த அசைவு? எத்தனை முறை? எந்தத் தசைக்கு? எல்லா அசைவும் நல்லது செய்யுமா, இல்லை சில அசைவுகள் மட்டுமா? மீதி வாழ்நாள் முழுக்க அவர் இந்தக் கேள்வியோடுதான் கிடந்தார்.

1804இல் ஸ்வீடன் திரும்பினார். சீக்கிரமே லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு ஆசிரியர் வேலை கிடைத்தது. காலையில் மாணவர்களுக்கு வாள் சொல்லிக் கொடுப்பது, மீதி நேரத்தில் மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறும் உடலியக்கவியலும் கற்பது. இறையியல் படித்த வாள் வாத்தியார் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட இருந்தவங்க என்ன நெனச்சிருப்பாங்களோ!

லுண்டில் அவர் உருவாக்கிக்கொண்ட கருத்து ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தொடக்க நிலை உண்டு, ஒரு பாதை உண்டு, ஒரு முடிவு நிலை உண்டு. மூன்றையும் சரியாகச் சொல்ல முடியாவிட்டால் அது பயிற்சியே இல்லை, வெறும் கைகால் உதறல். எந்த மூட்டுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். லேசானதில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் ஒரே அடியாக லோடு ஏற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உடம்புக்கும் அதே கணக்குதான் என்று பிடித்தவர் லிங்.

இந்த நேரத்தில் நாட்டில் ஒரு பெரிய அடி விழுந்தது. 1809இல் ரஷ்யாவோடு நடந்த போரில் தோற்று, அறுநூறு வருஷத்துக்கு மேல் தன்னோடு இருந்த ஃபின்லாந்தை ஸ்வீடன் பறிகொடுத்தது. நம் ஆட்கள் பலவீனமாகிவிட்டார்கள் என்ற பேச்சு எங்கும் கேட்டது. லிங்குக்கும் அந்த வேதனை இருந்தது. அவர் கவிஞரும்கூட. பழைய வடநாட்டுத் தெய்வங்களையும் வீரர்களையும் வைத்து நீண்ட நீண்ட காவியங்கள் எழுதினார். அன்றைக்குப் பெரிய மதிப்பு இருந்தது, இன்றைக்கு ஸ்வீடனிலேயே அவற்றைப் படிப்பவர்கள் அபூர்வம். ஆனால் அந்தக் காவியங்களுக்கும் அவருடைய உடற்பயிற்சிக்கும் வேர் ஒன்றுதான். முன்னோர் உடம்பு மாதிரி நம் உடம்பும் ஆக வேண்டும் என்ற ஆசை.

ஸ்டாக்ஹோமில் ஒரு பயிற்சி நிறுவனம் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். முதலில் கேட்டபோது, நாட்டில் வித்தை காட்டுபவர்களும் கயிற்றில் நடப்பவர்களும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள், அரசு கஜானா அவர்களுக்கும் செலவு செய்ய வேண்டாம் என்று ஒரு அமைச்சர் கிண்டலாக மறுத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டா பசங்களைப் பாத்து கிளாஸ்ல சிரிக்கிற சிரிப்பு, 200 வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. லிங் விடவில்லை. காலமும் அவர் பக்கம் இருந்தது. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த கார்ல் யோஹான், முன்பு நெப்போலியனின் தளபதியாக இருந்தவர். சிப்பாயின் உடம்பு என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1813இல் அரசு அனுமதி கிடைத்தது. ராயல் சென்ட்ரல் ஜிம்னாஸ்டிக் இன்ஸ்டிடியூட் பிறந்தது. அதன் முதல் தலைவர் லிங். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

லிங் தன் பயிற்சியை நான்காகப் பிரித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கானது, ராணுவத்துக்கானது, மருத்துவத்துக்கானது, மனதில் இருப்பதை உடம்பால் வெளிப்படுத்தும் அழகியல் வகை. நான்காவதை அவர் பெரிதாக வளர்க்கவில்லை. முதல் இரண்டும் உலகம் பூராவும் பரவின. வரிசையாக நிற்கவைத்து, விசில் அல்லது குரல் கட்டளைக்கு ஒரே மாதிரி கை தூக்க வைக்கும் பள்ளிக்கூட டிரில்லை நாம் எல்லோரும் வெயிலில் நின்று செய்திருக்கிறோமே, அதன் ஒரு கிளை லிங்கிடமிருந்து வருகிறது. அவர் மாணவர் வழி வந்த ஒரு பெண்மணி 1881இல் லண்டன் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தார், மார்ட்டினா பெர்க்மன் என்று பெயர். 1909இல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட பள்ளி உடற்பயிற்சிப் பாடத்திட்டம் ஸ்வீடிஷ் முறையை அடிப்படையாகக் கொண்டதுதான். சில ஜிம்களில் சுவரோடு ஒட்டி ஒரு மர ஏணி இருக்கும், அதற்கே ஸ்வீடிஷ் லேடர் என்று பெயர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது மூன்றாவது வகை. மருத்துவ ஜிம்னாஸ்டிக்ஸ். நோயாளியைக் கட்டிலில் போட்டுக் கட்டுக் கட்டுவதும் ரத்தம் வடிய விடுவதும் வைத்தியமாக இருந்த காலம் அது. லிங் நோயாளியை அசையச் சொன்னார். அசைவுகளை மூன்று விதமாகப் பார்த்தார். நோயாளி தானே செய்வது ஒன்று. நோயாளி சும்மா இருக்க, பயிற்சியாளர் அவர் மூட்டை மடக்கி நீட்டுவது, தேய்ப்பது, தட்டுவது, அழுத்துவது, உலுக்குவது இன்னொன்று. மூன்றாவதுதான் லிங்கின் தனி முத்திரை. இருவரும் சேர்ந்து செய்வது. நோயாளி கையை மடக்கப் பார்ப்பார், பயிற்சியாளர் அளவாக எதிர்ப்பு கொடுப்பார். அல்லது பயிற்சியாளர் இழுப்பார், நோயாளி விடாமல் தாங்குவார். இன்றைக்கு எந்த பிசியோதெரப்பி அறைக்குப் போனாலும், என் கையைத் தள்ளு பார்க்கலாம் என்று சொல்வார்களே, அதேதான். டம்பெல் ஒரே எடையில்தான் நிற்கும். மனுஷக் கை நோயாளியின் முகத்தைப் பார்த்து எடையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஒரு ஃபீட்பேக் கன்ட்ரோல் சிஸ்டம்!

கவனியுங்கள். தேய்ப்பதும் அழுத்துவதும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் இருக்கிறது. லிங்குக்கு நடுவில் இருந்தது நோயாளியின் சொந்த அசைவு.

அவரைக் கடவுள் ஆக்கிவிட வேண்டாம். அவர் கொடுத்த விளக்கங்கள் பல இன்று நிற்காது. உடம்பில் இயந்திர ஆற்றல், வேதி ஆற்றல், உயிர்ப்பாற்றல் என்று மூன்று இருப்பதாகவும், மூன்றின் சமநிலை கெட்டால் நோய் வரும் என்றும் நம்பினார். அன்றைய ஜெர்மன் தத்துவத்தின் வாடை அதில் பலமாக அடிக்கும். ஸ்டாக்ஹோம் டாக்டர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. மருந்து தெரியாத வாள் வாத்தியார் நோயைத் தொடுகிறானே என்ற கோபம். இருந்தாலும் கண்ணெதிரே ஆட்கள் நிமிர்ந்து நடந்தார்கள். 1831இல் ஸ்வீடன் மருத்துவர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1835இல் ஸ்வீடிஷ் அகாடமியிலும் இடம் கிடைத்தது, இப்போது இலக்கிய நோபலைத் தேர்ந்தெடுக்கும் அதே அகாடமி. பேராசிரியர் என்ற பட்டமும் வந்தது. வித்தை காட்டுபவன் என்று சிரித்த ஊரில்தான் இத்தனையும்.

அவருடைய சீடர்கள் சில சமயம் அவரையே மிஞ்சிவிட்டார்கள். 1860களில் பெர்லினில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லாமல் போக மனசு வரல. ஹ்யூகோ ரோத்ஸ்டைன் என்ற லிங் பக்தர் அங்கே அரசு ஜிம்னாஸ்டிக் நிறுவனத்தின் தலைவரானதும், ஜெர்மானியர்கள் உயிராக நினைத்த பேரலல் பாரைத் தூக்கி வெளியே போட்டார். லிங் முறையில் அதற்கு இடமில்லை, உடம்புக்குக் கெடுதல் என்றார். ஊரே கொதித்தது. உடலியக்கவியல் மேதைகள் வரை இறங்கி, பேரலல் பார் பக்கம் நின்று கட்டுரை எழுதினார்கள். பார் ஜெயித்தது. இன்றைக்கு ஒலிம்பிக்ஸில் இருப்பது அதுதான்.

லிங்கிடம் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம், அவர் எழுதிவைப்பதைத் தள்ளிப் போட்டது. காவியம் காவியமாக எழுதியவர், தன் முறையின் அடிப்படைகளை எழுத மட்டும் கடைசிவரை இழுத்தார். ராணுவத்துக்கான விதிநூல் 1836இல் வந்தது. மூல நூல் முடியவில்லை. ரெக்கார்டு நோட்டை சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி எழுதுற நமக்கு இதைச் சொல்லத் தகுதி இல்லதான். இதற்கிடையே காசநோய் அவரைப் பிடித்துவிட்டது. ஒரு நாட்டுக்கே உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். 1839 மே 3ஆம் தேதி, 62 வயதில் இறந்தார். முடியாத கையெழுத்துப் பிரதிகளை லீட்பெக், ஜியார்ஜி என்ற இரண்டு மாணவர்கள் சேர்த்து ஒழுங்குபடுத்தி 1840இல் வெளியிட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸின் பொது அடிப்படைகள் என்று அந்த நூலுக்குப் பெயர்.

நிறுவனம் லார்ஸ் கேப்ரியல் பிரான்டிங் கைக்குப் போனது. பின்னாளில் ஸ்வீடன் பிரதமராகி அமைதிக்கான நோபல் வாங்கிய யால்மர் பிரான்டிங்கின் அப்பா இவர். மருத்துவப் பகுதியைப் பெரிதாக வளர்த்தவர் இவர்தான். லிங்கின் மகன் யால்மர் லிங் பள்ளிப் பயிற்சிகளைச் சீர்செய்தார். ஜியார்ஜி பாரிஸ் போய் 1847இல் ஒரு புத்தகம் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் கினெசிதெரப்பி, அசைவு மருத்துவம். இன்றைக்கும் பிரான்ஸில் பிசியோதெரப்பிக்கு அதுதான் பெயர். ஸ்வீடனில் 1887இல் இந்த நிறுவனத்தில் படித்தவர்களை நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் ஜிம்னாஸ்ட்களாக அரசு பதிவு செய்யத் தொடங்கியது. உலகத்தின் முதல் பிசியோதெரப்பிஸ்ட் பதிவுகளில் ஒன்று.

சரி, அந்த மசாஜ் சார்ட்? அதுக்கு ஆம்ஸ்டர்டாம் போகணும்.

லிங் இறப்பதற்கு முந்தின வருஷம், 1838இல், ஆம்ஸ்டர்டாமில் ஒரு கசாப்புக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் யோஹான் கேயார்க் மெஸ்கர். முதலில் ஜிம்னாஸ்டிக் சொல்லிக் கொடுத்தார், பிறகு மருத்துவம் படித்தார். 1868இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பைப் படிச்சதும் எனக்கு என் கால்தான் ஞாபகம் வந்தது. பாதச் சுளுக்கைத் தேய்த்துக் குணப்படுத்துவது பற்றி! அன்றைக்குச் சுளுக்கு என்றால் வாரக்கணக்கில் அசையாமல் கட்டிப் போடுவார்கள். கட்டு அவிழ்க்கும்போது மூட்டு இறுகிப் போயிருக்கும். மெஸ்கர் கட்டைப் போடாமல், வீக்கத்தின் ஓரத்திலிருந்து இதயத்தின் பக்கமாக மெதுவாகத் தடவி, அப்புறம் அழுத்தம் கூட்டி, சீக்கிரமே நோயாளியை நடக்கவும் விட்டார்.

ஆம்ஸ்டெல் ஹோட்டலில் அறை எடுத்து அவர் சிகிச்சை செய்ய, ஐரோப்பிய அரச குடும்பங்கள் வரிசையில் நின்றன. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், சிசி என்று சினிமாக்களில் வருவாரே, அவரே 1884லும் 1885லும் இவரிடம் வந்தார். பிற்காலத்தில் டோம்பர்க் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு மெஸ்கர் கோடைக்கு வரத் தொடங்கியதும், அது பணக்காரர்களின் ஊராக மாறியது. தடவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்று இன்றைக்கு எஃப்ளூராஜ், பெட்ரிஸாஜ், ஃப்ரிக்ஷன், டபோட்மெண்ட் என்ற பிரெஞ்சுப் பெயர்களில் பாடமாக நடத்துவதெல்லாம் மெஸ்கர் வழியில் வந்த வகைப்பாடு. அவரும் லிங் மாதிரியே எழுதும் விஷயத்தில் சோம்பேறி. ஆய்வேட்டுக்குப் பிறகு பெரிதாக எதுவும் எழுதவில்லை. அவரிடம் போய்க் கற்ற ஸ்வீடன் டாக்டர்கள்தான் எழுதினார்கள். ஊருக்குத் திரும்பி, லிங் பயிற்சியோடு சேர்த்துச் செய்தார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் அடைந்து அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டி மேல் ஒட்டியிருந்த லேபிள் ஸ்வீடிஷ். உள்ளே இருந்த மசாஜுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன்காரர்களிடம் ஸ்வீடிஷ் மசாஜ் என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் அதை கிளாசிக் மசாஜ் என்றுதான் சொல்வார்கள்.

பெயர் மாறினதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். மெஸ்கருக்கு நஷ்டம், சரி. ஆனா என் கணக்குல லிங்குக்குத்தான் அதிக நஷ்டம். அவர் பெயரைச் சொன்னாலே கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் காட்சி வந்து நிற்கிறது. வாழ்நாள் பூரா அவர் சொன்னது நேர் எதிரானது: நீயே எழுந்து அசை.

மசாஜ் வேண்டாம்னு நான் சொல்ல வரல. அதால ஆகிற நன்மை உண்மையானது, அளவும் தெரிஞ்சது. விளையாடி மறுநாள் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு வலிக்குமே, அந்த வலியை மசாஜ் கொஞ்சம் குறைக்கும். இறுகிய மூட்டு சிறிது நேரத்துக்குக் கூடுதலாக மடங்கும். பயமும் படபடப்பும் தணியும், நல்ல தூக்கம் வரும். 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க விட்டு, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிஷம் மசாஜ் செய்து, இரண்டு கால் தசையையும் துளி எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைவாக இருந்தன. ஆனால் லாக்டிக் ஆசிட்டைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும் என்று கிரவுண்டில் எல்லோரும் சொல்வது நடக்கவில்லை. லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை. அது எப்படியும் ஒரு மணி நேரம் வாக்கில் உடம்பாலேயே செலவழிந்துவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமும் இல்லை.

அதே மாதிரி, எப்போ தொடக்கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும். அடிபட்ட முதல் ரெண்டு மூணு நாள், வீக்கம் சூடாக இருக்கும்போது, அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக்கூடாது, திருகவே கூடாது. உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தக் கசிவு கூடும். என் பரங்கிக்காய் அதுதான். கால் ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் எலும்பு உடைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தக்குழாயில் கட்டி இருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். உடனே டாக்டர்.

1894இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் நடந்த தவறான தொழில்களைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்று எழுத, தங்கள் வேலையின் மானத்தைக் காக்க நான்கு நர்ஸ்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், விதிகள் போட்டார்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரப்பிஸ்ட்களின் சங்கமாகியிருக்கிறது. மெஸ்கரின் கையும் லிங்கின் அசைவும் அங்கே ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

லிங்கின் நிறுவனம் 1813இலிருந்து இன்றுவரை நடக்கிறது. இப்போது அது ஸ்டாக்ஹோமில் விளையாட்டு, சுகாதார அறிவியலுக்கான உயர்கல்வி நிறுவனம்.

கடைசி சிட்டிங்குக்குப் போனப்ப இதையெல்லாம் பிசியோகிட்ட ஒப்பிச்சேன். சார், உங்க சார்ட்டுல ஸ்வீடிஷ்னு போட்டது தப்பு, டச்சுன்னு போடணும்னு பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, சரி தம்பி, படுத்தது போதும், அடிபட்ட காலை மட்டும் ஊன்றி முப்பது வினாடி நில்லு பாக்கலாம்னார். பதினொண்ணுலயே தள்ளாடி சுவத்தைப் பிடிச்சுட்டேன். கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறது அடுத்த வாரமாம்.